மைதாவை மாற்றுவதா, சீனியைக் குறைப்பதா, நெய்யில் கை வைப்பதா? வீட்டு பிஸ்கட், கேக், பன்னுக்கு ஓர் ஒப்பீடு

பேக்கரியில் வாங்குவதைக் குறைத்துக்கொண்டு வீட்டிலேயே பிஸ்கட், கேக் செய்யத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் இரண்டு மாற்றங்களைச் செய்வார்கள். மைதா போய் கோதுமை மாவு வரும். சீனி போய் நாட்டுச் சர்க்கரை வரும். இதில் முதலாவதில் உண்மையான பலன் உண்டு. இரண்டாவதில் ருசி மாறுமே தவிர, உடம்புக்கு ஏறக்குறைய ஒன்றும் மாறாது. கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நிற்பது நெய்யும் வெண்ணெயும்தான். அதை யாரும் தொடுவதில்லை.

எதை மாற்றினால் எவ்வளவு கிடைக்கும், அதற்கு எதை இழக்க வேண்டியிருக்கும் என்று பார்ப்பதற்கு முன் ஒன்று: பிஸ்கட், கேக், பன் மூன்றுக்கும் ஒரே விடை கிடையாது. பிஸ்கட் தாங்கும் மாற்றத்தை பன் தாங்காது. கேக்கில் எளிதாக நடக்கும் எண்ணெய் மாற்றம் பிஸ்கட்டில் சொதப்பும்.

ஒரு தட்டு நெய் பிஸ்கட்டின் கணக்கு

வழக்கமான வீட்டு நெய் பிஸ்கட்டை எடுத்துக்கொள்வோம்: மைதா 200 கிராம், பொடித்த சீனி 100 கிராம், நெய் 100 கிராம். மைதாவில் சுமார் 700 கலோரி, சீனியில் 400, நெய்யில் 900. ஆக 2,000. உருண்டை ஒன்றுக்கு 15 கிராம் என்று பிடித்தால் 26 அல்லது 27 பிஸ்கட் வரும். ஒன்றுக்கு சுமார் 75 கலோரி.

இப்போது ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம்.

மைதா முழுவதையும் கோதுமை மாவாக்கினால் கலோரியில் குறைவது 60 மட்டுமே. நார்ச்சத்துதான் உயர்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணைப்படி 100 கிராம் மைதாவில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. கோதுமை மாவில் 11 கிராமுக்கு மேல். ஒரு தட்டு பிஸ்கட்டில் அஞ்சரை கிராமாக இருந்த நார்ச்சத்து 22 கிராமைத் தாண்டிவிடும். இது நல்ல மாற்றம்.

சீனியை அதே எடை நாட்டுச் சர்க்கரையாக்கினால் மொத்தத் தட்டிலும் 20 முதல் 50 கலோரி குறையலாம். வெல்லத்தில் இரும்புச்சத்து இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது; 100 கிராம் வெல்லத்தில் நாலு, ஐந்து மில்லிகிராம். அதை 26 பிஸ்கட்டுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 0.2 மில்லிகிராம்கூட வராது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவின்படி வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 29 மில்லிகிராம். இரும்புக்காக வெல்ல பிஸ்கட் சாப்பிடுகிறவர் முருங்கைக்கீரையைத் தேடிப் போவதே நல்லது.

சீனியை எதாலும் மாற்றாமல் 100 கிராமிலிருந்து 70 கிராமாகக் குறைத்தால்? 120 கலோரி மிச்சம். பெயர் மாற்றத்தைவிட அளவுக் குறைப்பு பல மடங்கு வேலை செய்கிறது. நெய்யை 100லிருந்து 80 ஆக்கினால் 180 கலோரி மிச்சம். உருண்டையை 15 கிராமிலிருந்து 12 கிராமாக்கினால் ஒவ்வொரு பிஸ்கட்டிலும் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ருசியில் ஒன்றுமே குறைவதில்லை. டீக்கு இரண்டு பிஸ்கட் என்று எண்ணிச் சாப்பிடும் வீட்டில் இதைவிட எளிய வழி கிடையாது.

ராகிக்கும் இதே கண்டிப்பு வேண்டும். 100 கிராம் ராகியில் சுண்ணாம்புச் சத்து 364 மில்லிகிராம். தானியங்களில் அதற்கு நிகரே இல்லை. ஆனால் ஒரு தட்டில் 60 கிராம் ராகி போட்டு 30 பிஸ்கட் செய்தால் ஒன்றில் 7 மில்லிகிராம்தான் சேரும். ஒரு டம்ளர் பாலில் 200க்கு மேல் இருக்கிறது. பிஸ்கட்டில் ராகியைச் சேர்க்க வேறொரு நல்ல காரணம் இருக்கிறது. அது சத்து சம்பந்தப்பட்டதல்ல.

பிஸ்கட்: மாற்றத்தை அதிகம் தாங்கும் பண்டம்

பிஸ்கட் பொங்கி எழ வேண்டியதில்லை. பொரபொரவென்று உடைந்தால் போதும். மைதாவில் தண்ணீர் பட்டுப் பிசையும்போது உருவாகும் பசைத்தன்மை பன்னுக்கு உயிர், பிஸ்கட்டுக்குப் பகை. நெய் மாவுத் துகள்களைச் சுற்றிப் பூசிக்கொண்டு அந்தப் பசை உருவாகவிடாமல் தடுக்கிறது. நெய்யைக் குறைத்துக் கோதுமை மாவை மட்டும் போட்டால் பிஸ்கட் பல்லுடைக்கும் கல்லாகிவிடுவதற்குக் காரணம் இதுதான். நெய் குறைந்த இடத்தைப் பாலால் நிரப்புகிறோம். பால் பசையை எழுப்புகிறது.

ராகி இங்கேதான் உதவுகிறது. அதில் அந்தப் பசை கிடையாது. மொத்த மாவில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை ராகி சேர்த்தால், குறைத்த நெய்யின் வேலையில் ஒரு பகுதியை அது ஏற்றுக்கொள்ளும். கடலை மாவும் இதையே செய்யும். நான்கட்டாயில் கடலை மாவு சேர்க்கும் வழக்கம் சும்மா வந்ததல்ல. ராகி பாதியைத் தாண்டினால் மறுபக்கத் தொல்லை: பிஸ்கட்டைக் கையில் எடுக்கும்போதே உதிரும், வாயில் மணல் போல நரநரக்கும்.

நம்பிச் செய்யக்கூடிய அளவு இது. கோதுமை மாவு 140 கிராம், வறுத்த ராகி மாவு 60 கிராம், பொடித்த சீனி 70 கிராம், நெய் 80 கிராம், பால் 25 மி.லி., பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், ஏலக்காய்ப் பொடி அரை டீஸ்பூன். ராகி மாவை மிதமான தீயில் பச்சை வாசனை போகும்வரை ஐந்தாறு நிமிடம் வறுத்து, முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு சேர்த்தால் நெய் உருகி, பிஸ்கட் அடுப்பில் அப்பமாகப் பரவும். நெய்யும் உருக்கிய நெய்யாக இருக்கக் கூடாது. மணல் மணலாக உறைந்திருக்க வேண்டும். மதுரை, சென்னை வெயில் காலத்தில் நெய் தானாக உறையாது, பதினைந்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். நெய்யையும் சீனியையும் வெளுக்கும்வரை குழைத்து, மாவு வகைகளைச் சேர்த்து விரல் நுனியால் பிசிறி, கடைசியில் பாலைத் தெளித்துத் திரட்டுங்கள். சப்பாத்தி மாவு போல அழுத்திப் பிசையக் கூடாது. சேர்ந்தவுடன் நிறுத்திவிட வேண்டும்.

12 கிராம் உருண்டைகளாக்கி, லேசாகத் தட்டி, ஓவனில் 160 டிகிரி செல்சியஸில் 18 முதல் 20 நிமிடம். அடுப்பிலிருந்து எடுக்கும்போது தொட்டால் மெத்தென்று இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆறும்போது இறுகும். ராகியின் நிறத்தால் வெந்த பதம் மேலே தெரியாது, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆறிய பிறகும் நடுவில் மெத்தென்றிருந்தால் 120 டிகிரியில் இன்னும் பத்து நிமிடம் காயவைத்தால் சரியாகிவிடும். இந்த அளவில் 31 பிஸ்கட் வரும். ஒன்றுக்கு 53 கலோரி. முதலில் பார்த்த 75உடன் ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக மிச்சம்.

சீனியை 70க்குக் கீழே கொண்டு போகலாமா? 60வரை போகலாம். அதற்குக் கீழே போனால் இனிப்பு மட்டும் குறைவதில்லை. சீனிதான் அடுப்பில் உருகி, ஆறும்போது கண்ணாடி போல இறுகி மொறுமொறுப்பைத் தருகிறது. அது இல்லாத பிஸ்கட் மொறுமொறுக்காது, காய்ந்துபோன ரொட்டித் துண்டாக இருக்கும். நிறமும் வராது.

நாட்டுச் சர்க்கரையை ருசிக்காகச் சேர்ப்பதில் தவறில்லை. ராகியோடு அது சீனியைவிட நன்றாகவே சேரும். ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கடற்கரை ஊர்களில் வெல்ல பிஸ்கட் இரண்டாம் நாளே நமத்துப்போவதற்கு அதுதான் காரணம். பாதி சீனி, பாதி நாட்டுச் சர்க்கரை என்றால் மொறுமொறுப்பும் கொஞ்சம் நிற்கும், மணமும் கிடைக்கும். கருப்பட்டியைக் கரைத்துப் பாகாக ஊற்றுவது பிஸ்கட்டுக்கு வேண்டாம். அந்தத் தண்ணீர் மாவைத் தோலாக இழுக்கும். கருப்பட்டிக்குரிய இடம் கேக்தான்.

கம்பு மாவு? ருசி அருமை. ஆனால் கம்பில் எண்ணெய்ச் சத்து அதிகம். அரைத்த மாவு சீக்கிரம் கசக்கும். கடையில் எப்போது அரைத்தது என்று தெரியாத கம்பு மாவை வாங்கி பிஸ்கட் செய்து, கசக்கிறதே என்று பேக்கிங் சோடா மேல் பழிபோட வேண்டாம். கம்பை வாங்கி, வறுத்து, அன்றைக்கே அரைப்பதாக இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

கொழுப்பில் எது?

எல்லாக் கொழுப்பிலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். செக்கில் ஆட்டினாலும் அதேதான். வேறுபடுவது நிறைவுற்ற கொழுப்பின், அதாவது ரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் கூட்டும் வகைக் கொழுப்பின், பங்கு. 100 கிராமில் தேங்காய் எண்ணெயில் அது 85க்கு மேல், நெய்யில் 60ஐ ஒட்டி, வெண்ணெயில் சுமார் 50, கடலெண்ணெயில் 17 முதல் 20, நல்லெண்ணெயில் 15ஐ ஒட்டி, சூரியகாந்தி எண்ணெயில் 10, 11.

வனஸ்பதியைப் பற்றிய பழைய அச்சம் அதிலிருந்த டிரான்ஸ் கொழுப்பால் வந்தது. 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளிலும் அவற்றால் செய்த உணவுகளிலும் உள்ள கொழுப்பில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. வரம்பு வந்த பிறகும் வனஸ்பதியில் பெரும்பகுதி பாமாயிலைச் சார்ந்த நிறைவுற்ற கொழுப்புதான். வீட்டில் செய்யும்போது அதைத் தொட எந்தக் காரணமும் இல்லை. கடைக்கு அது மலிவு, வீட்டுக்கு அந்தக் கணக்கே கிடையாது.

வெண்ணெய்க்குப் பதில் நெய் போடுகிறவர்கள் சம எடை போட்டுவிடுகிறார்கள். வெண்ணெயில் ஐந்தில் நாலு பங்குதான் கொழுப்பு, மீதி பெரும்பாலும் தண்ணீர். 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் நெய்யும் 15 மி.லி. பாலும் சரியான ஈடு. எண்ணெய் என்றாலும் 80 கிராம்தான், அதாவது சுமார் 87 மி.லி.

பிஸ்கட்டில் நெய் முழுவதையும் எண்ணெயாக்க முடியாது. திரவக் கொழுப்பு காற்றைப் பிடித்துவைக்காது. பிஸ்கட் பரவும், தாளில் எண்ணெய் கசியும். நெய்யில் கால் பங்கை எண்ணெயாக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். கேக்கில் நிலைமை தலைகீழ்.

கேக்: கொழுப்பை மாற்ற வேண்டிய இடம்

பேக்கரி டீ கேக்கின் மூல அளவு, எடைக்கு எடை சமம்: மைதா 150 கிராம், வெண்ணெய் 150, சீனி 150, மூன்று முட்டை. சுமார் 2,400 கலோரி. பன்னிரண்டு துண்டு போட்டால் துண்டுக்கு 200.

கேக்கில் வெண்ணெய்க்குப் பதில் எண்ணெயும் கெட்டித் தயிரும் சேர்த்தால் கலோரியும் நிறைவுற்ற கொழுப்பும் ஒருசேரக் குறையும். ருசியில் வெண்ணெய் மணம் போகும்; ஈரம் கூடும். எண்ணெய் கேக் இரண்டாம் நாள் முதல் நாளைவிட நன்றாக இருக்கும். வெண்ணெய் கேக் ஃப்ரிட்ஜில் இறுகிப்போவது போல இது இறுகாது. வெண்ணெய் மணம் இல்லாமல் கேக்கே இல்லை என்கிறவர்கள் எண்ணெயில் 15 கிராமை எடுத்துவிட்டு அவ்வளவு உருக்கிய வெண்ணெய் சேர்த்துக்கொள்ளலாம். மணத்துக்கு அது போதும்.

அளவு: கோதுமை மாவு 150 கிராம், சீனி 100 கிராம், கெட்டித் தயிர் 120 கிராம், பால் 40 மி.லி., சூரியகாந்தி அல்லது கடலெண்ணெய் 60 மி.லி., முட்டை 2, பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், பேக்கிங் சோடா கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, வெனிலா 1 டீஸ்பூன். மொத்தம் சுமார் 1,620 கலோரி. பன்னிரண்டு துண்டில் ஒன்றுக்கு 135.

கோதுமை மாவில் கேக் செய்து தோற்பவர்கள் பெரும்பாலும் இரண்டு இடத்தில் தவறுகிறார்கள். ஒன்று, ஈரம் போதாது. நம் ஊர் மில்லில் அரைக்கும் மாவில் தவிடும் இருக்கிறது, கல்லின் சூட்டிலும் அழுத்தத்திலும் உடைந்த மாவுச்சத்தும் இருக்கிறது. இரண்டும் மைதாவைவிட அதிகம் தண்ணீர் குடிக்கும். மேலே கொடுத்த 40 மி.லி. பால் அதற்குத்தான். இரண்டு, அந்தத் தவிடு ஊற நேரம் கொடுப்பதில்லை. மாவை, தயிரும் பாலும் சீனியும் கலந்ததில் பதினைந்து நிமிடம் ஊறவைத்துவிட்டு, முட்டையையும் எண்ணெயையும் தனியே நுரைக்க அடித்து அதில் சேருங்கள். பேக்கிங் பவுடரையும் சோடாவையும் கடைசியில் சலித்துத் தூவி, கரண்டியால் மடித்துவிட வேண்டும். சோடா தயிரின் புளிப்பைத் தொட்டதும் வேலையைத் தொடங்கிவிடும். அதன் பிறகு மாவைக் காத்திருக்க வைக்கக் கூடாது. தயிர் புளிக்கவே இல்லையென்றால் சோடா செலவாகாமல் தங்கி, கேக்கில் சோப்பு வாடை அடிக்கும். ஆறு அல்லது ஏழு அங்குல வட்டத் தட்டில் 170 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம்.

சீனியை 150லிருந்து 100 ஆக்கியதற்கு மேல் குறைக்க ஆசை வரும். கேக்கில் சீனி இனிப்புக்கு மட்டும் இல்லை. மாவும் முட்டையும் இறுகும் சூட்டை அது சற்று மேலே தள்ளிவைக்கிறது. அந்த இடைவெளியில் கேக் உப்புகிறது. சீனி மிகக் குறைந்தால் மேற்பரப்பு சீக்கிரம் இறுகி, நடு எழும்பி, கோபுரமாக வெடிக்கும். உள்ளே வறட்டுத்தன்மை. மூன்றில் ஒரு பங்குக் குறைப்பு என்பது பழமில்லாத கேக்குக்கு எல்லை.

பழம் சேர்த்தால் இன்னும் குறைக்கலாம். நன்கு பழுத்த வாழைப்பழம் 200 கிராம் மசித்துச் சேர்த்தால் சீனியை 60ஆக இறக்கிவிடலாம். தயிரையும் 60ஆகக் குறைத்து, பாலை விட்டுவிட வேண்டும். எந்தப் பழம் என்பதில் கவனம் தேவை. பூவன் நல்ல தேர்வு, அதன் லேசான புளிப்பு சோடாவுக்கு ஒத்துழைக்கும், மணமும் நிற்கும். கற்பூரவள்ளி இனிப்பு அதிகம், அதைப் போட்டால் சீனி 50 போதும். பச்சை வாழை, அதாவது மோரிஸ், தோலில் கரும்புள்ளி விழுந்த பிறகுதான் உதவும். மஞ்சளாக இருக்கும்போது போட்டால் கேக்கில் பழம் இருப்பதே தெரியாது. ரஸ்தாளி சாப்பிட எவ்வளவு ருசியோ கேக்குக்கு அவ்வளவு தொல்லை. சில பழங்களில் நடுவே மசியாத கட்டி இருக்கும், அது வெந்த பிறகும் கட்டியாகவே நிற்கும். நேந்திரம் மாவுத்தன்மை கூடியது, கேக் கனத்துவிடும்.

பேரீச்சம்பழத்தில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். 'சீனியே சேர்க்காத கேக்' என்று பேரீச்சையில் செய்ததை நினைத்துக்கொண்டு நீரிழிவு உள்ளவருக்கு இரண்டு துண்டு வைப்பது ஏமாற்று. ஆனாலும் நாட்டுச் சர்க்கரையைவிட இது மேலான மாற்று. பழம் முழுதாகச் சேர்வதால் நார்ச்சத்து வருகிறது. கேக்கின் ஈரத்தையும் அது தாங்கிப் பிடிக்கிறது. கொட்டை நீக்கிய 100 கிராம் பழத்தை 100 மி.லி. சூடான பாலில் அரை மணி நேரம் ஊறவைத்து மைய அரைத்தால் 70 கிராம் சீனிக்கு ஈடு. அந்தப் பாலைக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள 40 மி.லி. பால் வேண்டாம், தயிரையும் 80 கிராமாகக் குறைக்க வேண்டும். பேரீச்சைக் கேக் சீக்கிரம் கருகும், அடுப்பை 160க்கு இறக்கி ஐந்து நிமிடம் கூடுதலாக வையுங்கள்.

கருப்பட்டி சேர்ப்பதானால் சீவி, எடையில் கால் பங்கு தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டுங்கள். அடியில் தங்கும் மணலையும் தூசியையும் பார்த்தால் ஏன் வடிகட்டச் சொல்கிறோம் என்பது புரியும். முழுக்க ஆறிய பிறகே பாலோடு சேர்க்க வேண்டும், சூட்டோடு சேர்த்தால் பால் திரியும். ராகி, கொக்கோ, கருப்பட்டி மூன்றும் சேர்ந்த கேக்குக்கு வெள்ளைச் சீனிக் கேக் ருசியில் நிற்காது. அதைச் செய்ய அந்த ருசியே போதுமான காரணம்.

முட்டை சேர்க்காத வீடுகளில் முட்டை ஒன்றுக்கு 60 கிராம் கெட்டித் தயிர், அல்லது ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தது. கோதுமை மாவோடு ஆளி விதை நன்றாகச் சேரும். மைதாக் கேக்கில் அதன் புள்ளிகள் தெரியும். முட்டை இல்லாத கேக் உதிரும் தன்மை உள்ளது, ஆறும்வரை வெட்டாதீர்கள்.

செயற்கை இனிப்பு

சூடு பட்டால் அஸ்பார்ட்டேம் இனிப்பை இழந்துவிடும், பேக்கிங்குக்கு ஆகாது. சீனித்துளசிப் பொடி (ஸ்டீவியா) சிட்டிகை அளவில் இனிக்கும். ஆனால் 100 கிராம் சீனி போன இடத்தை நிரப்ப எதுவும் இல்லாததால் கேக் சுருங்கும், நிறம் வராது, நாக்கில் ஒரு கசப்பு தங்கும். உடல் எடையைக் கட்டுப்படுத்த இத்தகைய இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. அவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். மற்றவர்களுக்கு, சீனியைக் குறைத்துச் சின்னத் துண்டாக வெட்டுவது இதைவிட நேரான வழி. அதே நிறுவனம் 2015இல் சொன்ன அளவில், நல்லது என்று குறிப்பிட்ட கீழ் எல்லை நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம் சீனி. அதில் தேனும் அடக்கம். மேலே சொன்ன கேக்கில் துண்டுக்கு 8 கிராம், பிஸ்கட்டில் ஒன்றுக்கு இரண்டேகால் கிராம்.

பன்: கையைக் கட்டிக்கொள்ள வேண்டிய இடம்

பன்னில் சீனியும் கொழுப்பும் முதலிலேயே குறைவு. ஆகவே இங்கே கிடைக்கக்கூடிய லாபம் நார்ச்சத்து மட்டும். அதைத் தேடி மைதாவை முழுக்க நீக்கினால் பன் பொங்காது. தவிட்டுத் துகள்கள் மாவின் பசை இழைகளை அறுத்துவிடுகின்றன, ஈஸ்ட் விடும் காற்று வெளியேறிவிடுகிறது. மைதா 150 கிராம், கோதுமை மாவு 100 கிராம் என்பது பஞ்சுத்தன்மை கெடாத எல்லை. இதோடு பால் 165 முதல் 170 மி.லி., உடனடி ஈஸ்ட் 4 கிராம், சீனி 20 கிராம், உப்பு 4 கிராம், எண்ணெய் 20 கிராம்.

ஈஸ்ட்டும் உப்பும் எண்ணெயும் சேர்க்காமல் மாவு இரண்டையும் பாலில் நனைத்து அரை மணி நேரம் மூடிவையுங்கள். பிறகு மற்றவற்றைச் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிசைய வேண்டும். பிஸ்கட்டுக்குச் சொன்னதற்கு நேர் எதிர்: இங்கே இழுத்தால் ஜவ்வாகப் படர்ந்து வெளிச்சம் தெரியும்வரை கை ஓயக் கூடாது. முதலில் கையில் ஒட்டும், அதற்காக மேலும் மாவு தூவினால் பன் இறுகிப்போகும். கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். 32 டிகிரிச் சமையலறையில் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்திலேயே மாவு இரட்டிப்பாகிவிடும். குளிர்நாட்டுக் குறிப்புகளில் உள்ளபடி ஒன்றரை மணி நேரம் விட்டால் புளித்துச் சரியும். 60 கிராம் உருண்டைகளாக்கி, மீண்டும் உப்பியதும் 180 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம்.

தேங்காய் பன் செய்வதானால் கவனம் பூரணத்தில் இருக்கட்டும். துருவிய தேங்காய் 80 கிராமுக்குச் சீனி 25 கிராம் போதும். டூட்டி ஃப்ரூட்டி என்பது சீனிப் பாகில் ஊறிச் சாயம் ஏறிய பப்பாளிக்காய். அதற்குப் பதில் உலர் திராட்சையும் நறுக்கிய பேரீச்சையும் போட்டால் சீனியை 15க்கு இறக்கலாம்.

பப்ஸைப் பற்றியும் கேள்வி வரும். அதன் அடுக்குகள் நிற்பதே ஏராளமான கெட்டிக் கொழுப்பால்தான். குறைத்தால் அடுக்கு வராது, கோதுமை மாவில் தேய்த்தால் தகடு கிழியும். அதை வீட்டில் 'சத்தாக' மாற்ற முயல்வது வீண். எப்போதாவது ஒன்று பேக்கரியில் வாங்கிச் சாப்பிடுவது மேல். தூத்துக்குடி மக்ரூனும் இந்த வகைதான். மைதாவே இல்லை, முந்திரி, முட்டையின் வெள்ளைக்கரு, சீனி மூன்றும்தான். ஆனால் சீனிதான் அந்த நுரையை நிறுத்துகிறது, அதைக் குறைத்தால் சரிந்து தட்டையாகும்.

எந்த வீட்டுக்கு எது

அடுப்பு வசதியும் முடிவில் பங்கு வகிக்கிறது. குக்கர் மட்டும் இருக்கிறவர்கள் கேக்கிலிருந்து தொடங்குங்கள். ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றி, அடியில் ஒரு சென்டிமீட்டர் உப்புப் பரப்பி, தாங்கி வைத்து, பத்து நிமிடம் மிதமான தீயில் சூடாக்கிய பிறகு தட்டை இறக்கிச் சிறுதீயில் 45 நிமிடம். மேலிருந்து சூடு வராததால் நிறம் வெளிறியே இருக்கும். எண்ணெய் தயிர்க் கேக்குக்கு அது குறையில்லை. பிஸ்கட்டுக்குக் குக்கர் ஆகாது, அடி கருகி மேல் பச்சையாக இருக்கும். ஏர் ஃபிரையரில் பிஸ்கட் நன்றாக வரும், சூட்டை 15 டிகிரி குறைத்து, சின்னத் தொகுதிகளாகச் செய்ய வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளின் டப்பாவுக்கு என்றால் ராகி கலந்த பிஸ்கட்தான் முதல் தேர்வு. கொலஸ்ட்ரால் பார்த்துச் சாப்பிடச் சொல்லியிருக்கும் வீட்டில் பிஸ்கட்டை விட்டுவிட்டு எண்ணெய் தயிர்க் கேக்குக்குப் போகலாம், ஏனென்றால் நெய்யை அகற்ற பிஸ்கட்டில் வழியில்லை. மலச்சிக்கல் உள்ள பெரியவர்களுக்குக் கோதுமை மாவோடு பேரீச்சைக் கேக் ஒத்துவரும். புரதம் வேண்டும் என்று இந்தப் பட்டியலைப் படிக்கிறவருக்கு இதில் எதுவும் உதவாது. எடைக்கு எடை பார்த்தால் கடலை மிட்டாய் இவை எல்லாவற்றையும் தோற்கடிக்கும்.

முதல் முறை செய்யும்போது ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மாவு, சீனி, நெய் மூன்றையும் ஒரே நாளில் மாற்றி, கேக் கல்லாக வந்தால் எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியாது. கப் அளவு வேண்டாம். சமையலறைத் தராசு வாங்குங்கள். ஒரு கப் கோதுமை மாவு அள்ளுகிற கையைப் பொறுத்து 120 கிராமாகவும் இருக்கும், 150ஆகவும் இருக்கும். இந்த 30 கிராம் வித்தியாசமே ஈரமான கேக்கை வறட்டுக் கேக்காக்கப் போதும்.

கடைசியாக, வைத்துச் சாப்பிடுவது. சீனியும் கொழுப்பும் குறைந்த பண்டம் பேக்கரிப் பண்டம் போல வாரக்கணக்கில் நிற்காது. பிஸ்கட் காற்றுப்புகாத டப்பாவில் பத்து நாள். கோதுமைத் தவிட்டில் இருக்கும் எண்ணெய் மெல்லக் காறத் தொடங்குவதால் அதற்கு மேல் வாடை மாறும். தயிர்க் கேக் வெளியே ஒன்றரை நாள், ஃப்ரிட்ஜில் ஐந்து நாள். வாழைப்பழக் கேக் வெயில் காலத்தில் மறுநாளே ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். பன்னை மட்டும் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், சீக்கிரம் வறண்டு இறுகும். அன்றைக்குத் தீராததை ஃப்ரீசரில் போட்டு, வேண்டும்போது எடுத்து, தோசைக்கல்லில் மூடி வைத்து இரண்டு நிமிடம் சூடாக்கினால் போதும்.